பித்தளைக்குப் புளி, மரத்துக்கு மெழுகு, கடப்பாக்கல்லுக்கு வெறும் தண்ணீர்: வீட்டு பாலிஷ்களில் எதைத் தேர்ந்தெடுப்பது?

வீட்டிலேயே பாலிஷ் செய்யும் வழிகளைத் தேடினால் திரும்பத் திரும்ப மூன்று பொருள்தான் கண்ணில் படுகின்றன: வினிகர், எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய். மேசைக்கும் அதுதான், தரைக்கும் அதுதான், விளக்குக்கும் அதுதான். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். பூஜை அறையில் பித்தளைக் குத்துவிளக்கு, சமையலறையில் கடப்பாக்கல்லோ கிரானைட்டோ போட்ட மேடை, முன்வாசலில் தேக்கு நிலை, பழைய வீடு என்றால் சிவப்பு ரெட் ஆக்சைடு தரை, பீரோவுக்குள் வெள்ளிக் கொலுசு. இத்தனைக்கும் ஒரே பாலிஷ் ஒத்துவராது. விளக்கைப் பளிச்சென்று ஆக்குகிற அதே புளித்தண்ணீர், கீழே இருக்கும் கல்லில் மாறாத வெள்ளைத் தடம் போட்டுவிடும்.

நல்ல சரக்கு நம் ஊரிலேயே கிடைக்கிறது. மாசி, பங்குனியில் புளி உலுக்கி, திண்ணை திண்ணையாக உட்கார்ந்து கொட்டை எடுக்கிற மாவட்டங்கள் இவை. காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளிப் பக்கம் தென்னந்தோப்புகள் உண்டு. சித்தேரி மலையிலும் அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காட்டுப் பகுதியிலும் தேன் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். தேன் பிழிந்த அடையிலிருந்து மெழுகு கிடைக்கும். ஆகவே பொருளுக்குப் பஞ்சமில்லை. எதை எதன் மேல் தடவுவது என்பதில்தான் கவனம் வேண்டும்.

ஒப்பிடுவதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். ஒரு மாதம் கழித்து அந்தப் பொருள் எப்படி இருக்கிறது? தடவிய அன்று எல்லாமே மின்னும். எண்ணெய் பூசிய பலகை ஈரம் இருக்கும்வரை பார்க்க அழகாகத்தான் இருக்கும். அதற்கப்புறம் தூசி ஒட்டுகிறதா, கறுக்கிறதா, வெளுக்கிறதா, எறும்பு வருகிறதா என்று பார்த்தால்தான் எது நல்ல பாலிஷ் என்று தெரியும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாலிஷ் போடுவதில் மூன்று விதமான வேலை இருக்கிறது. புளிப்பு, கறையைக் கரைக்கிறது. சாம்பல், பொடி போன்றவை தேய்த்து எடுக்கின்றன. எண்ணெயும் மெழுகும் மேலே படிந்து காப்பாக நிற்கின்றன. முதல் இரண்டும் ஒவ்வொரு முறையும் பொருளிலிருந்து துளித் துளியாக எடுத்துக்கொண்டே இருக்கும். அதனால் அவற்றை வாரா வாரம் செய்யக்கூடாது. மூன்றாவதை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம், அளவு மட்டும் குறைவாக இருக்க வேண்டும்.

பித்தளையும் செம்பும்

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. காற்று பட்டுப் பட்டு மேலே ஆக்சைடு படிகிறது. அதுதான் அந்தப் பழுப்பும் கறுப்பும். இதை எந்தப் புளிப்பும் கரைக்கும். புளியில் டார்டாரிக் அமிலம், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம், வினிகரில் அசெட்டிக் அமிலம், புளித்த மோரில் லாக்டிக் அமிலம். சித்திரைக் காற்றில் தோப்பில் உதிர்ந்து கிடக்கும் மாம்பிஞ்சை நசுக்கித் தேய்த்தாலும் பித்தளை வெளுக்கும். ஆனால் காம்புப் பால் தோலில் பட்டால் புண்ணாகும் என்பதால், காம்புப் பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டுத்தான் கையில் எடுக்க வேண்டும்.

இவற்றுக்குள் நான் புளிக்குத்தான் முதலிடம் கொடுப்பேன். விலை மட்டும் காரணமில்லை. எலுமிச்சைச் சாறும் வினிகரும் தண்ணீர் மாதிரி வழிந்து போய்விடும். குத்துவிளக்கின் தண்டில் நிற்கவே நிற்காது. கரைத்த புளி கூழாக ஒட்டிக்கொண்டு, இருக்கிற இடத்திலேயே வேலை செய்யும். அதன் நார் மெதுவாகத் தேய்த்தும் கொடுக்கும், கீறல் விழாது. குழம்புக்கு ஆகாத கறுத்த பழம்புளியே போதும். மோர் ரொம்ப மெதுவாக வேலை செய்யும். லேசாக மங்கிய செம்புக்குச் சரி, கறுத்த விளக்குக்குப் போதாது.

எலுமிச்சைத் தோலை உப்பில் தொட்டுத் தேய்ப்பது எல்லாவற்றையும்விட வேகமானது. உப்பு சேர்ந்தால் புளிப்பின் வேலை முடுக்கிவிடப்படுகிறது. அவசரத்துக்கு நல்ல வழி. ஆனால் அந்த வேகமே ஆபத்தும் கூட. உப்பும் புளிப்பும் பித்தளை மேல் நெடுநேரம் இருந்தால் துத்தநாகம் கரைந்துபோய், செம்பு மட்டும் மிஞ்சி, ரோஜா நிறத்தில் திட்டுத் திட்டாகத் தெரியும். அந்தத் திட்டு இன்னொரு முறை புளி போட்டால் போகாது. ராத்திரி புளியில் ஊறவைத்துக் காலையில் கழுவலாம் என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. ஐந்திலிருந்து பத்து நிமிடம் போதும்.

செய்முறை எளிது. எலுமிச்சை அளவு புளியை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் கெட்டியாகப் பிசைந்துகொள்ளுங்கள். கறை அதிகம் என்றால் மட்டும் ஒரு சிட்டிகை உப்பு. பூசி, சற்று விட்டு, சக்கையாலேயே தேயுங்கள். விளக்கில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் புளி உள்ளே போகாது. அதனால் முதலில் அரப்புத்தூள் அல்லது சீயக்காயால் பிசுக்கை எடுத்துவிட்டு அப்புறம் புளிக்கு வாருங்கள். பலர் புளியை முதலில் போட்டு, கை வலிக்கத் தேய்த்து, கடைசியில் சோப்பு போடுகிறார்கள். வரிசையை மாற்றினால் பாதி உழைப்பு மிச்சம்.

கடைசிக் கழுவல்தான் நம் மாவட்டத்தில் தனியாகப் பேச வேண்டியது. போர்த்தண்ணீர் பெரும்பாலும் உப்புத்தண்ணீர். துளி அப்படியே காய்ந்தால் பித்தளையில் வெள்ளைப் புள்ளி விழும். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதற்காக 2013-இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் உங்கள் குழாயில் வருகிறது என்றால், ஒரு சொம்பு அதைக் கடைசியாக ஊற்றுங்கள். மழைநீர் பிடித்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. எந்தத் தண்ணீராக இருந்தாலும் தானாகக் காயவிடாமல் உடனே பழைய பருத்தித் துணியால் துடைத்துவிட வேண்டும். புளிப்பு மிச்சமிருந்தாலும் ஈரம் மிச்சமிருந்தாலும் இரண்டே நாளில் மறுபடி மங்கும்.

கடைப் பொடியோடு ஒப்பிட்டால் என்ன? பித்தளை துலக்கும் பொடிகளில் புளிப்போடு நுண்ணிய தேய்ப்புப் பொடியும் சேர்ந்திருக்கும். அதனால் வேகமாக வேலை முடியும். பல வருடம் கவனிக்காமல் கரியேறிய அண்டா, தவலைக்கு முதல் தடவை அதைப் பயன்படுத்துவதில் தப்பில்லை. மாதாமாதம் துலக்கும் விளக்குக்கும், நுண்ணிய வேலைப்பாடு உள்ள சிலைக்கும் புளிதான் பாதுகாப்பு. தேய்ப்புப் பொடி வருடக்கணக்கில் பட்டால் சிலையின் மூக்கும் விரலும் மழுங்கும். செங்கல் பொடி அதைவிட முரடு. இன்றைக்கு அதைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

மூன்று இடத்தில் புளியும் வேண்டாம். புதிதாக வாங்கிய அலங்காரப் பித்தளையில் மங்காமல் இருக்க லாக்கர் என்ற நிறமற்ற மெல்லிய பூச்சைப் பூசியிருப்பார்கள். அதன் மேல் புளி போட்டால் லாக்கர் உரிந்த இடம் ஒரு நிறமும் உரியாத இடம் ஒரு நிறமுமாக ஆகும். அதைத் துணியால் துடைத்தால் போதும். சமைக்கும் பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் ஈயம் பூசியிருந்தால், அங்கே தேய்க்கத் தேய்க்கப் பூச்சு தேயும்; வெளிப்புறத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு மிகவும் மெத்தென்ற உலோகம், அதற்கு அரப்பும் விரலும் தவிர வேறு எதுவும் கூடாது.

துலக்கிய பளபளப்பைக் காப்பாற்ற, தீயும் உணவும் படாத பொருள்களுக்கு மட்டும் மெழுகு உதவும். கதவுக் கைப்பிடி, பெயர்ப்பலகை, மணி ஆகியவற்றில் பின்னால் சொல்லும் மெழுகுப் பசையை மெல்லிசாகத் தடவித் துடைத்துவிட்டால் அவை மங்குவது தள்ளிப்போகும். விளக்கின் மேல்தட்டில் வேண்டாம், சூட்டில் உருகிவிடும்.

கல்லும் தரையும்: செய்யாமல் இருப்பதே மேல்

கிரானைட் வெட்டும் மாவட்டத்தில் இருந்துகொண்டு கல்லுக்கு என்ன பாலிஷ் என்று கேட்டால், வீட்டில் செய்யக்கூடிய பாலிஷ் ஒன்றும் இல்லை என்பதுதான் பதில். கிரானைட்டின் பளபளப்பு பூசி வந்தது இல்லை. பர்கூர், கிருஷ்ணகிரிப் பட்டறைகளில் கல்லைப் படிப்படியாக மெல்லிய உராய்வுக் கற்களால் தேய்த்துத் தேய்த்து வரவழைத்தது. மங்கிப்போனால் மறுபடி அதே மாதிரி இயந்திரம் வைத்துத்தான் தேய்க்க வேண்டும். தேங்காய் எண்ணெய் தடவினால் கறுப்புக் கிரானைட் கொஞ்ச நேரம் ஆழமான நிறம் காட்டும். அப்புறம் ஒவ்வொரு கைரேகையும் தெரியும், மாவு ஒட்டும், வெளிர்நிறக் கல்லாக இருந்தால் எண்ணெய் உள்ளே இறங்கிக் கறையாக நிற்கும். வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்பு, காய்ந்த துணி. கிரானைட்டுக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

கடப்பாக்கல் விஷயம் இன்னும் முக்கியம். அது பார்க்கக் கறுப்பாக, கிரானைட் மாதிரியே இருந்தாலும் சுண்ணாம்புக்கல் வகை. பளிங்கும் அப்படித்தான். மொசைக் தரையில் இருப்பதும் சிமெண்டும் பளிங்குச் சில்லுகளும். இவை மூன்றையும் எலுமிச்சை, வினிகர், புளி எல்லாம் அரிக்கும். அரித்த இடம் வெளுத்து, சொரசொரப்பாக ஆகும். அது அழுக்கு இல்லை, கல்லின் மேற்பரப்பே போய்விட்டது, துடைத்தால் வராது. எது கடப்பா, எது கிரானைட் என்று சந்தேகம் இருந்தால், மேடையில் கண்ணில் படாத மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு ஐந்து நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். அந்த இடம் மங்கியிருந்தால் சுண்ணாம்புக்கல்.

வீட்டில் இது எங்கே நடக்கிறது என்று கவனியுங்கள். பித்தளையைச் சமையலறைக் கடப்பா மேடையிலோ, மொசைக் போட்ட முற்றத்திலோ உட்கார்ந்துதான் துலக்குகிறோம். விளக்கிலிருந்து வழியும் புளித்தண்ணீர் கல்லில் தேங்கி நிற்கிறது. விளக்கு வருடத்தில் எத்தனை முறை துலக்கப்பட்டதோ, அத்தனை அடுக்குத் தடம் கல்லில் இருக்கும். ஒரு பிளாஸ்டிக் தொட்டியிலோ, கொல்லையில் மண்தரையிலோ வைத்துத் துலக்கினால் இந்தச் சேதம் முழுவதும் தவிர்ந்துவிடும். புளியையும் கல்லையும் ஒரே நாளில் கையாளும் வீட்டுக்கு இதைவிட உபயோகமான யோசனை என்னிடம் இல்லை.

ரெட் ஆக்சைடு தரை ஒன்றுதான் எண்ணெயை விரும்பும் தரை. சிமெண்டோடு சிவப்பு ஆக்சைடு கலந்து, கரணையால் அழுத்தி இழைத்த தரை அது. கால் பட்டுப் பட்டு மெருகேறும். தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு, பிழிந்து, தேய்த்து, அப்புறம் தேங்காய் மட்டையாலோ காய்ந்த துணியாலோ அழுத்தித் துடைப்பது பழைய வழக்கம். நிறம் நன்றாகத் தூக்கிக் கொடுக்கும். ஆனால் எண்ணெய் கொஞ்சம் கூடினால் வழுக்கும். வயதானவர்கள் நடமாடும் வீட்டில் நான் எண்ணெயைச் சிபாரிசு செய்ய மாட்டேன். மெழுகுப் பசையை மிகக் குறைவாக, சுவரோரங்களில் மட்டும் தேய்த்துக்கொள்ளலாம், நடக்கிற இடத்துக்கு ஈரத்துணி போதும். அழகைவிட இடுப்பெலும்பு பெரிது. இந்தத் தரைக்கும் வினிகர், ஃபினாயிலோடு ஆசிட் கலக்கும் பழக்கம் எல்லாம் ஆகாது; சிமெண்டை அரித்து நிறத்தை வெளுக்க வைக்கும்.

மரம்

இங்கேதான் தேர்வு அதிகம், குழப்பமும் அதிகம். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், எலுமிச்சையும் ஆலிவ் எண்ணெயும் கலந்தது, ஆளிவிதை எண்ணெய், தேன்மெழுகுப் பசை, கடையில் விற்கும் ஸ்பிரே. எதைத் தொடுவதற்கு முன்னும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு முத்தாக நின்றால் மரத்தின் மேல் வார்னிஷோ பிரெஞ்சு பாலிஷோ இருக்கிறது. உறிஞ்சப்பட்டு அந்த இடம் கறுத்தால் வெறும் மரம்.

பூச்சு உள்ள மரத்துக்கு எண்ணெய் உள்ளே போக வழியில்லை. மேலேயே நின்று பிசுபிசுக்கும். காய்ந்த துணி, எப்போதாவது நன்றாகப் பிழிந்த ஈரத்துணி, வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை மெல்லிய மெழுகு. இவ்வளவுதான். பழைய நாற்காலி, ஊஞ்சல் பலகைகளில் இருக்கும் பிரெஞ்சு பாலிஷ் என்பது அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசியது. சூடான டம்ளர் வைத்தால் வெள்ளை வட்டம் விழும். கைகழுவும் சானிடைசர் சிந்தினால் பாலிஷே கரையும், அதிலிருப்பதும் ஆல்கஹால்தானே.

வெறும் மரம் என்றால் எண்ணெய்களுக்குள் உள்ள வேறுபாடு தெரிய வேண்டும். சில எண்ணெய்கள் காற்றிலிருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கெட்டிப்பட்டுப் படலமாக மாறும். சில எண்ணெய்கள் எத்தனை நாளானாலும் எண்ணெயாகவே இருக்கும். தேங்காய் எண்ணெய் காயவே காயாத வகை. கதவில் தடவினால் தருமபுரிச் செம்மண் தூசி முழுக்க அதில் வந்து உட்காரும். ஆறு மாதத்தில் மரத்தின் ரேகை தெரியாத அளவுக்கு அழுக்கேறும். நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் காய்ந்தும் காயாமலும் பசையாக நிற்கும், சிக்கு நாற்றமும் வரும். வேப்பெண்ணெயும் காயாது, வாசனையும் வாரக்கணக்கில் போகாது. கரையானுக்காக அதைத் தடவுகிறவர்கள் உண்டு. கரையான் மண்ணுக்குள்ளிருந்து ஏறி வருவது, மேலே தடவிய எண்ணெயால் மட்டும் அதை நிறுத்த முடியாது.

எலுமிச்சைச் சாறும் ஆலிவ் எண்ணெயும் கலந்த பாலிஷ் இணையத்தில் மிகவும் பிரபலம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆலிவும் காயாத எண்ணெய்தான். சாறு எண்ணெயோடு கலக்காமல் பிரிந்து நிற்கும், சில நாளில் கெட்டுப்போகும். மரத்தில் கரைக்க வேண்டிய ஆக்சைடு எதுவும் இல்லாதபோது அங்கே எலுமிச்சைக்கு என்ன வேலை? வாசனைதான் மிச்சம்.

ஆளிவிதை எண்ணெய் நிஜமாகவே காயும். பெயிண்ட் கடையில் லின்சீட் ஆயில் என்று கேட்டால் தருவார்கள். மெல்லிசாகத் தடவி, கால்மணி நேரம் கழித்து மிச்சத்தை முழுக்கத் துடைத்துவிட்டால், சில நாளில் கெட்டிப்பட்டு மரத்துக்குள்ளேயே தங்கும். தேக்கு, வேம்பு, பலா எல்லாவற்றிலும் நிறத்தைச் சற்றுக் கறுக்க வைத்து ரேகையை எடுத்துக் காட்டும். ‘பாயில்டு’ என்று விற்பது வேகமாகக் காயும்; ஆனால் அதில் உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள். தொட்டில், குழந்தைகளின் நடைவண்டி, சப்பாத்திப் பலகைக்கு அதைத் தொடாதீர்கள்.

இந்த எண்ணெயில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. காயும்போது அது வெப்பத்தை வெளியிடும். தடவிய துணியைக் கசக்கிச் சுருட்டி மூலையில் போட்டால், வெப்பம் வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய், தீக்குச்சியே இல்லாமல் துணி தானாகத் தீப்பிடிக்கும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் இது இன்னும் சுலபமாக நடக்கும். துணியை வெளியே கொடியில் விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வைத்து அப்புறம் அப்புறப்படுத்துங்கள். இதைச் செய்ய மறந்துவிடுவோம் என்று தோன்றினால் ஆளிவிதை எண்ணெயையே விட்டுவிடுவது நல்லது.

அப்படிப்பட்ட வீட்டுக்கும், பெரும்பாலான வீட்டுக்கும் என் தேர்வு தேன்மெழுகுப் பசை. தேன் எடுப்பவரிடம் பிழிந்த அடை கிடைத்தால், அதைப் பழைய துணியில் மூட்டையாகக் கட்டி, தண்ணீரில் போட்டு மெதுவாகச் சூடாக்குங்கள். மெழுகு உருகி மேலே மிதக்கும், குப்பை துணிக்குள் நிற்கும். ஆறியதும் தட்டாக எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் கட்டியாக வாங்கலாம். கிலோ பல நூறு ரூபாய் ஆகும், ஆனால் ஒரு வீட்டுக்கு 50 கிராம் வெகுநாள் வரும்.

50 கிராம் மெழுகுக்கு 150 கிராம் எண்ணெய். நாற்காலி, அலமாரிக்கு ஆளிவிதை எண்ணெய் சேர்க்கலாம், ஆனால் துணி பற்றிய எச்சரிக்கை அப்போதும் பொருந்தும். சமையல் மரச்சாமானுக்குத் தேங்காய் எண்ணெய். மெழுகைத் துருவிக்கொண்டு, அகலமான பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க வைத்து, அதற்குள் சின்னப் பாத்திரம் இறக்கி உருக்குங்கள். தேன்மெழுகு 62 முதல் 65 டிகிரியில் உருகிவிடும், நேரடித் தீயில் வைக்க வேண்டிய தேவையே இல்லை. வைத்தால் புகைந்து தீப்பற்றலாம். உருகியதும் எண்ணெயை ஊற்றிக் கலந்து, வாய் அகன்ற டப்பாவில் ஊற்றி ஆறவிடுங்கள். சீக்கிரம் காயட்டும் என்று டர்பன்டைன் சேர்ப்பவர்கள் உண்டு. சேர்ப்பதானால் அடுப்பை அணைத்து, டப்பாவை வெளியே கொண்டுபோன பிறகு சேர்க்க வேண்டும்.

அளவை ஊருக்கேற்ப மாற்றலாம். தருமபுரி, அரூர், ஊத்தங்கரைக் கோடையில் ஒன்றுக்கு மூன்று பங்கு எண்ணெயே சற்று இளகிவிடும், ஒன்றுக்கு இரண்டரை வையுங்கள். ஓசூர், தளிப் பக்கத்துக் குளிரில் ஒன்றுக்கு நான்கு வைத்தால்தான் துணியில் எடுக்க வரும்.

தடவும்போது கைக்கு வரும் ஆசையை அடக்க வேண்டும். விரல்நுனி அளவு பசை ஒரு நாற்காலிக்குப் போதும். தடவி அரைமணி நேரம் விட்டு, பழைய வேட்டித் துணியால் அழுத்தித் துடையுங்கள். தொட்டால் ஒட்டக்கூடாது, ஒட்டினால் இன்னும் துடைக்க வேண்டும் என்று அர்த்தம். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை போதும். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், தேங்காய் எண்ணெய் தடவிய பலகையில் தூசி ஒட்டியிருக்கும், மெழுகு தடவியதில் தூசி தட்டினால் போகும்.

மெழுகு தோற்கும் இடமும் உண்டு. மேற்கு வெயிலும் சாரலும் நேராகப் படும் வாசல் கதவுக்கு அது தாங்காது. அங்கே வார்னிஷ்தான் சரி, இயற்கையானது வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் கதவு வெடித்துவிடும். ஓட்டு வீட்டுக் கூரையைத் தாங்கும் பனங்கை, வாரைகளுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் அடிக்கும் வழக்கம் இருக்கிறது. பலமானதுதான், ஆனால் தோலைப் பொசுக்கும்; கையுறை இல்லாமல் வீட்டில் செய்து பார்க்கும் பொருள் இல்லை.

கதவில் தோற்ற தேங்காய் எண்ணெய், சமையலறையில் ஜெயிக்கிறது. களி கிண்டும் துடுப்பு, மத்து, அகப்பை, சப்பாத்திப் பலகை ஆகியவை நாள்தோறும் கழுவப்படுவதால் தூசி சேர நேரமில்லை. வாயில் போனாலும் கெடுதல் இல்லை. மற்றச் சமையல் எண்ணெய்களைவிட மெதுவாகத்தான் சிக்கடிக்கும். நன்றாகக் காய்ந்த துடுப்பில் எண்ணெய் தடவி ராத்திரி முழுக்க விட்டுக் காலையில் துடைத்தால், கேழ்வரகுக் களி ஒட்டுவது குறையும், வெடிப்பும் விழாது.

வெள்ளி, முத்து, தோல்

வெள்ளி கறுப்பது ஆக்சைடால் இல்லை, கந்தகத்தால். அதனால் புளி இங்கே அவ்வளவாக வேலை செய்யாது. நுண்ணிய திருநீறு கொண்டு ஈரத்துணியால் தேய்ப்பது, பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்து மெல்லிய பிரஷ்ஷால் தேய்ப்பது, அலுமினிய ஃபாயிலும் சமையல் சோடாவும் என்று மூன்று வழி உண்டு.

லேசான மங்கலுக்குப் பூந்திக்கொட்டை போதும். கொலுசின் முத்துகளுக்கு நடுவே இருக்கும் அழுக்கும் வரும். கறுத்துப்போன தட்டு, சொம்புக்கு ஃபாயில் வழி சிறந்தது. பாத்திரத்தில் ஃபாயிலை விரித்து, அதன் மேல் படும்படி வெள்ளியை வைத்து, லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சோடா போட்ட வெந்நீரை ஊற்றுங்கள். வெள்ளியிலிருக்கும் கந்தகம் அலுமினியத்துக்கு மாறிவிடும். அழுகிய முட்டை வாசனை லேசாக வந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். தேய்ப்பதில் வெள்ளி கொஞ்சம் தேய்கிறது, இதில் வெள்ளி அப்படியே தங்குகிறது. ஆனால் கல் பதித்த நகை, பசை போட்டு ஒட்டியது, வேலைப்பாடு தெரிவதற்காகவே கறுப்பேற்றிய நகை இவற்றை அதில் போடக்கூடாது. திருநீற்றை மெல்லிய துணியில் சலித்த பிறகே பயன்படுத்துங்கள், ஒரு மணல் துகள் இருந்தாலும் கோடு விழும். வெள்ளி முலாம் பூசியதற்குத் திருநீறும் வேண்டாம், பற்பசை எதற்குமே வேண்டாம்.

முத்தும் பவளமும் சுண்ணாம்புச் சத்தால் ஆனவை. கடப்பாக்கல்லை அரிக்கும் அதே எலுமிச்சை இவற்றையும் அரிக்கும். ஈரத்துணியால் துடைத்து வையுங்கள்.

தோல் செருப்பு, பெல்ட்டுக்கு வாழைப்பழத் தோலைத் தேய்க்கச் சொல்கிறார்கள். சர்க்கரை ஒட்டி எறும்புதான் வரும். விளக்கெண்ணெய் தோலுக்குப் பழைய துணை. நல்ல கெட்டி எண்ணெய், உள்ளே இறங்கி வெடிப்பை மென்மையாக்கும். நிறம் கறுக்கும் என்பதால் வெளிர்நிறத் தோலுக்கு ஆகாது. மழைக்காலத்துக்கு முன் விளக்கெண்ணெயில் செய்த மெழுகுப் பசையைத் தையல் ஓரங்களில் தடவினால் தண்ணீர் சற்று விலகும். ஸ்வெட் போன்ற மயிர்த்தோலில் எதையும் தடவாதீர்கள், பிரஷ் மட்டும் போதும்.

எவ்வளவு செய்து வைப்பது என்று கேட்டால், புளிக்கரைசலை அன்றன்றைக்குத்தான் கரைக்க வேண்டும். தண்ணீர் படாமல் வைத்தால் மெழுகுப் பசை பல மாதம் வரும். சிக்கு வாசனை வந்துவிட்டால் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஆளிவிதை எண்ணெய் கலந்த டப்பாவையும் தேங்காய் எண்ணெய் கலந்த டப்பாவையும் தனித்தனியாக வைத்து, எது சமையல் மரத்துக்கு என்று மூடி மேல் எழுதி ஒட்டுங்கள். இரண்டும் ஒரே மஞ்சள் நிறத்தில்தான் இருக்கும், வீட்டில் வேறு யாராவது எடுத்தால் அவர்களுக்கும் தெரிய வேண்டும்.